பச்சைக் கொக்கி

பதிப்பகத்தின் இரண்டாம் மாடியில் ஜன்னலோர மேசை அவளுடையது. இருபத்திரண்டு வருஷமாக அங்கே உட்கார்ந்து பிறத்தியார் எழுதியதில் பிழை பார்க்கிறாள். பிழையைக் கண்டால் ஓரத்தில் ஒரு கொக்கியைப் போட்டு வெளியே இழுத்துவிடுவாள் என்பதால் அவளுக்குக் கொக்கி அக்கா என்று பெயர். அவளைவிட ஏழு வயது மூத்த கணக்காளரும் அக்கா என்றேதான் கூப்பிட்டார். பிழை திருத்துகிறவளுக்கு மற்றவர்கள் வாயைத் திருத்தும் அதிகாரம் கிடையாது. விட்டுவிட்டாள்.

வீடு இரண்டு பஸ் தள்ளி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரே ஒரு ஆள். சாப்பாட்டு மேசைக்கு நான்கு நாற்காலிகள். ஒன்றில் அவள் உட்காருவாள், மற்ற மூன்றில் அகராதிகள் உட்கார்ந்திருக்கும். கேட்டால் மட்டும் பதில் சொல்லும் ஜீவன்கள். வேறு நாட்டில் வேலை பார்க்கும் தம்பி அப்படியில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டு, கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வைத்துவிடுவான்.

மேசையில் அவளுக்கு மூன்று பேனா. சிவப்பு பிழைக்கு. நீலம் சந்தேகத்துக்கு: 'இங்கே ஆறு கால் என்கிறீர்கள், பக்கம் நாற்பதில் எட்டு என்றீர்கள், எது?' இந்த இரண்டும் பதிப்பகத்தின் விதிப் புத்தகத்தில் இருக்கின்றன. மூன்றாவது, பச்சை, எந்த விதியிலும் இல்லை. அதற்குக் காரணம் பூச்சிக்காரர்.

பூச்சிக்காரர் வீட்டுப் பூச்சிகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர். எறும்பு ஒரு பாகம், கரப்பான் ஒரு பாகம் என்று பத்தொன்பது வருஷத்தில் ஒன்பது பாகம் வந்துவிட்டது. வாங்குகிறவர்கள் எல்லாரும் கடைசி அத்தியாயத்துக்கு நேரே போவார்கள். மருந்து அங்கேதான் இருக்கும். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்த ஒரே பிறவி கொக்கி அக்கா. சம்பளம் கொடுத்துப் படிக்க வைத்ததால் படித்தாள் என்று சொல்லலாம். ஆனால் முதல் பாகத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி வந்தது:

'வீட்டில் ஆள் இல்லை என்பதை முதலில் கண்டுபிடிப்பது திருடன் அல்ல, எறும்பு.'

பிழை இல்லை. சந்தேகமும் இல்லை. சிவப்பும் நீலமும் கையில் சும்மா இருந்தன. அவள் இழுப்பறையைத் திறந்து, யாரோ விட்டுப்போன பச்சைப் பேனாவை எடுத்து, ஓரத்தில் சின்னதாக ஒரு கொக்கி போட்டாள். பிழை திருத்துகிறவர் கருத்துச் சொல்லக் கூடாது என்பது விதி. கொக்கி என்ன கருத்தா? கோடு.

நூலாசிரியரும் பிழை திருத்துகிறவரும் நேரில் பேசக் கூடாது என்று இன்னொரு விதியும் உண்டு. முன்பொரு காலத்தில் அப்படிப் பேசிப் பேசி, புத்தகம் நின்றுபோய்க் கல்யாணம் மட்டும் வெளியானதாகச் சொல்வார்கள். எனவே எல்லாப் பேச்சும் ஓரத்தில்தான். அவள் அனுப்புவாள், அவர் பிழைகளைச் சரி செய்து, நீலத்துக்குப் பதில் எழுதித் திருப்பி அனுப்புவார். பச்சை வரிகள் அப்படியே இருக்கும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியதில்லை. அடக்கமான மனிதர் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பாகத்துக்கு இருபது, இருபத்தைந்து பச்சைக் கொக்கி. இரண்டு வருஷத்தில் அவள் இன்னொரு மனிதருக்குச் சொன்ன நல்ல வார்த்தைகளை எண்ணினால் அவ்வளவுதான் தேறும். அதில் வார்த்தையே இல்லை என்பது வேறு விஷயம்.

இந்த நிலையில் மேலாளர் ஒரு திங்கட்கிழமை எல்லாரையும் நிற்க வைத்து அறிவித்தார். இனிமேல் காகிதக் கட்டு கிடையாது. ஆளுக்கொரு இ-இங்க் டேப்லெட். காகிதம் மாதிரியே இருக்கும், கண்ணைக் குத்தாது, அதன் மேலேயே எழுதலாம், எழுதியதை அப்படியே நூலாசிரியருக்கு அனுப்பலாம். அவரும் அவருடைய டேப்லெட்டில் பார்த்துக்கொள்வார்.

"கலர்ல வருதாமே, சார்?" என்றாள் கொக்கி அக்கா.

"ஆபீஸ் கொடுக்கறது கறுப்பு வெள்ளை. கலர்தான் வேணும்னா மிச்சப் பணத்தை நீங்க போட்டுக்கணும். ஏன்க்கா, தப்பெல்லாம் கலர்ல பார்த்தாத்தான் உங்களுக்குத் திருப்தியா?"

"தப்பு கறுப்புலயே நல்லாத் தெரியும், சார்."

"அப்புறம் எதுக்கு?"

அவள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி இதைக் கேட்டதும் குஷியாகிவிட்டான். அக்கா முதல் தடவையாக அவனுக்குத் தெரிந்த ஒன்றை வாங்கப் போகிறாள்.

"அக்கா, கண்ணை மூடிக்கிட்டு கறுப்பு வெள்ளையே வாங்கு. எழுத்து நறுக்குன்னு இருக்கும். கலர்னா திரை ஒரு படி மங்கும், கிட்ட வச்சுப் பார்த்தா புள்ளி புள்ளியாத் தெரியும். பக்கம் திருப்பினா முன்பக்கத்து நிழல் போகாம நிக்கும். நீ என்ன படமா வரையப் போற?"

"மூணு பேனாடா."

"எதுக்கு மூணு? தப்புக்குக் கோடு, கேள்விக்கு வட்டம். முடிஞ்சுது கதை. மூணாவது என்ன?"

மூணாவது என்ன என்று யாரும் இதுவரை கேட்டதில்லை. "சாப்பிட்டியா?" என்றாள். அவன் சாப்பிட்டதை எல்லாம் சொல்லிவிட்டு வைத்தான்.

கடையில் மேசைமேல் வரிசையாகக் கட்டிப்போட்டிருந்தார்கள். திருட்டுப் போகாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி. விற்பனையாளருக்கு நாற்பது வயதிருக்கும், எதையும் விற்றே தீர வேண்டும் என்ற அவசரம் இல்லாதவர்.

"கலர்னா இது. முன்னாடியே சொல்லிடறேன் மேடம், ஃபோன் மாதிரி பளபளன்னு எதிர்பார்க்காதீங்க. பேப்பர்ல அச்சடிச்ச கலர் மாதிரிதான் இருக்கும்."

"எந்தப் பேப்பர்ல?"

"நியூஸ் பேப்பர்." கொஞ்சம் யோசித்து, "நேத்து வந்த நியூஸ் பேப்பர்" என்றார். நேர்மையானவர்.

அவள் பச்சையைத் தேர்ந்தெடுத்து ஒரு கொக்கி போட்டாள். திரை ஒரு தரம் கண் சிமிட்டி, கொக்கியை ஏற்றுக்கொண்டது.

"இது பச்சையா?"

"பச்சைதான் மேடம்."

"பாசி மாதிரி இருக்கே."

"பாசியும் பச்சைதானே."

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் தன் பேனாவால் கொக்கி போட்ட ஒரு தாளைக் கொண்டுவந்து திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். விளக்கைக் கூட்டினால் பச்சை, குறைத்தால் சாம்பல். சாய்த்தாள், நிமிர்த்தினாள், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போகப் பார்த்தாள்; கம்பி அவ்வளவு தூரம் வரவில்லை. இன்னொரு நிறுவனத்தின் டேப்லெட்டில் பச்சை கொஞ்சம் தேவலாம், ஆனால் பேனா இழுத்த பிறகு கோடு யோசித்து யோசித்து வந்தது. மூன்றாவதில் கோடு உடனே வந்தது, பச்சைதான் நீலத்தோடு உறவு கொண்டாடியது. நான்காம் தடவை வந்தபோது விற்பனையாளர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க மேடம். வீடு வாங்கறவங்க கூட இவ்வளவு தடவை வர்றதில்ல. அப்படி என்ன எழுதப் போறீங்க?"

"எழுதல. குறி போடணும். அந்தப் பக்கம் பார்க்கறவருக்கு இது பச்சைன்னு தெரியணும்."

"அந்தக் கவலையே வேணாம். இங்க மங்கலாத் தெரியறது திரையோட குணம். ஃபைல்ல போகும்போது அசல் பச்சையாத்தான் போகும். பாருங்க" என்று அவள் போட்ட கொக்கியைத் தன் ஃபோனுக்கு அனுப்பிக் காட்டினார்.

பளிச்சென்று இளந்தளிர்ப் பச்சை. அவள் முதல் கலர் டேப்லெட்டையே வாங்கினாள். தன் பக்கம் பாசியாக இருந்தால் என்ன, அந்தப் பக்கம் தளிராகப் போய்ச் சேர்ந்தால் போதும். நாற்பத்தொன்பது வயதில் தனக்காக அவள் வாங்கிய விலை உயர்ந்த பொருள் அது. பஸ்ஸில் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பத்தாம் பாகம் டேப்லெட்டில் வந்தது. கரையானும் விட்டில் பூச்சியும். முதல் அத்தியாயத்திலேயே பதினோரு இடத்தில் பச்சை.

'கரையான் சத்தம் போடுவதில்லை. அதனால்தான் கதவு விழும்போது அவ்வளவு சத்தம்.'

'விளக்கைச் சுற்றும் பூச்சிக்கு விளக்கின் மேல் ஆசை என்பது நம் கற்பனை. அது வழி தவறிவிட்டது, அவ்வளவுதான்.'

இதற்கு மட்டும் இரண்டு கொக்கி. அனுப்பிவிட்டு ஒரு வாரம் காத்திருந்தாள்.

திரும்பி வந்த அத்தியாயம் ஒரு பக்கம் இளைத்திருந்தது. சிவப்பு போட்ட இடங்கள் சரியாகியிருந்தன. நீலத்துக்குப் பதில் இருந்தது. பச்சை போட்ட பதினோரு இடமும் இல்லவே இல்லை. கதவு விழவில்லை, 'மரக் கதவுகளை மாதம் ஒருமுறை தட்டிப் பார்க்கவும்' என்று நின்றுகொண்டிருந்தது. பூச்சி வழி தவறவில்லை. 'ஜன்னல்களுக்கு வலை அடிக்கவும்.' கீழே அவருடைய குறிப்பு:

'தாங்கள் குறியிட்ட அனைத்தையும் நீக்கிவிட்டேன். எனக்கும் அவை அதிகப்பிரசங்கமாகவே பட்டன. சுட்டியமைக்கு நன்றி.'

அவள் அதை மூன்று தடவை படித்தாள். பிறகு விதிப் புத்தகத்தைப் பார்க்காமலே எழுந்தாள். பழைய காகிதக் கட்டுகளின் உறையில் அனுப்புநர் முகவரிக்குக் கீழே ஒரு ஃபோன் எண் இருக்கும். சாப்பாட்டு இடைவேளையில், எல்லாரும் டப்பாவைத் திறந்துகொண்டிருந்த நேரத்தில், மாடிப்படித் திருப்பத்தில் நின்று அந்த எண்ணை அழுத்தினாள்.

"யாரு?"

"நான் பதிப்பகத்துலேருந்து... பிழை பார்க்கறது நான்தான்."

"அட! மூணு பேனாவா? நீங்க ஆம்பளைன்னுல்ல இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன்!"

"சார், பச்சை போட்டதை எல்லாம் ஏன் எடுத்தீங்க?"

"பச்சையா? எது பச்சை? எனக்கு எல்லாம் ஒரே கறுப்பாத்தானே வந்தது. நான் கறுப்பு வெள்ளைதாம்மா வாங்கினேன். பூச்சில பாதி கறுப்பு, மீதி பழுப்பு. எனக்கு எதுக்குக் கலர்?"

கம்பியில் கட்டிய அத்தனை டேப்லெட்டும் அவள் கண்முன் வந்து போயின. அந்தப் பக்கம் என்ன திரை என்று அவளும் கேட்கவில்லை, விற்பனையாளரும் கேட்கவில்லை.

"சரி, இப்ப வந்தது கறுப்பு. முன்னாடி காகிதத்துல பச்சைப் பச்சையாத்தானே போட்டேன்? அதையெல்லாம் நீங்க எடுக்கலியே."

"அதை எதுக்கு எடுக்கணும்? அது நீங்க சாப்பிடப் போற குறிதானே?"

"என்னது?"

"இதுவரைக்கும் பார்த்தாச்சு, மீதியச் சாப்பிட்டு வந்து பார்ப்போம்னு ஒரு அடையாளம்னு நினைச்சேன். சிலந்தி பாகத்துல ஒரே பக்கத்துல மூணு. மனுஷன் இப்படி அடிக்கடி சாப்பிடறாரே, வயித்துல ஏதாவது கோளாறோன்னு கூடக் கவலைப்பட்டேன்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். பத்தொன்பது வருஷம். ஒன்பது பாகம். ஒரு கொக்கிகூடப் போய்ச் சேரவில்லை. மேலே யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது, டப்பா மூடும் சத்தம் கேட்டது.

"அது நல்லா இருந்த இடம், சார்" என்றாள். "பச்சைன்னா, நல்லா இருக்குன்னு."



"எது?" என்றார்.

"போட்டது எல்லாம்."

"கொஞ்சம் இருங்க" என்று ஃபோனை எங்கோ வைத்தார். துண்டிக்கவில்லை. நாற்காலி நகர்ந்தது. அலமாரி திறந்தது. மின்விசிறி ஒன்று ஒரே இடத்தில் கடகடத்துக்கொண்டிருந்தது. எங்கோ குழாய் சொட்டியது. வேறொரு மனிதக் குரல் வருகிறதா என்று காது கொடுத்தாள். வரவில்லை. தன் வீட்டில் ஃபோனை மேசையில் வைத்தாலும் இந்தச் சத்தம்தான் கேட்கும். குழாய் மட்டும் சொட்டாது. அதை அவள் போன மாதம் மாற்றிவிட்டாள்.

காகிதம் புரளும் சத்தத்தோடு திரும்பி வந்தார். "எல்லாக் கட்டும் இருக்கு. தூக்கிப் போட மனசு வரல. எறும்பு, மூணாம் பக்கம். திருடன் அல்ல, எறும்பு. இதுவா?"

"அதுதான் முதல்ல போட்டது."

"சிலந்தி. 'எந்த இழை ஒட்டும் என்று சிலந்திக்குத் தெரியும், பின்னியது அதுதானே.' இது?"

"நல்லா இருந்தது."

"இப்ப எடுத்துட்டேனே, அந்த வழி தவறின பூச்சி?"

"அதுக்கு ரெண்டு போட்டேன்."

"ரெண்டு சாப்பாடு" என்றார். அவர் சிரிக்கப் பார்த்தார். "என் வீட்டம்மா இருந்தப்ப, பூச்சிக்கு எதுக்குய்யா இவ்வளவு வசனம்னு கேப்பா. அவ சொன்னது சரின்னுதான் எல்லாத்தையும் எடுத்தேன்."

சாப்பாட்டு நேரம் முடிந்து படிகளில் காலடிகள் இறங்கின. அவள் சாப்பிடவில்லை. வைக்கிறேன் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. மேலாளர் படியில் தென்பட்டதும் அவளே துண்டித்தாள்.

பிற்பகலில் டேப்லெட்டைத் திறந்து, தான் முதலில் அனுப்பிய அத்தியாயத்தை எடுத்தாள். பேனாப் பட்டியலில் பதினாறு நிறம் இருந்தது. கறுப்பைத் தொட்டாள். பச்சை போட்ட ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் 'நல்லா இருக்கு' என்று எழுதினாள். பதினோரு தடவை. விதிப்படி இதற்கு விளக்கம் கேட்டு ஓலை வரும், வரட்டும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அத்தியாயம் திரும்பி வந்தது. பதினோரு வரியும் குடியேறியிருந்தன. கடைசிப் பத்திக்குக் கீழே, இதுவரை இல்லாத ஒரு புது வரி. கரையானையும் தனிமையையும் சேர்த்து என்னவோ சொல்லப் பார்த்து, நடுவில் மூச்சு வாங்கி, ஒரு ஆச்சரியக்குறியில் போய் விழுந்திருந்தது. ஓரத்தில் அவருடைய கோணல் கையெழுத்தில் ஒரே வார்த்தை: 'இது?'

கொக்கி அக்கா அதை நெடுநேரம் பார்த்தாள். பக்கத்து மேசைகள் காலியாகிக்கொண்டிருந்தன. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் அவளிடம் கேட்டிருக்கிறார். ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

'சுமார்' என்று எழுதினாள். 'இன்னும் ஒரு தடவை எழுதிப் பாருங்க. பார்க்கிறேன்.'

அனுப்பிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். தம்பி சொன்ன குறை உண்மைதான். அடுத்த பக்கத்தின் வெள்ளையில் அந்த 'இது?' மங்கலாகக் கொஞ்ச நேரம் நின்றது. அது போகும்வரை பஸ்ஸுக்குக் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தாள்.