குளோரிக்குப் பக்கத்தில் நின்றவள்

குருத்தோலை ஞாயிறு முடிந்த மறுநாள் காலை, அவலூர்பேட்டை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஞானமணி அண்ணனிடமிருந்து போன் வந்தது. எங்கள் கோயில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவர். "செல்வி, குளோரி போய்ட்டாம்மா. நெஞ்சு வலிக்குதுன்னாளாம், ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." என்றார். எனக்கு அழுகை வரவில்லை. ஈஸ்டருக்கு ஆல்ட்டோ யார் பாடுவது என்றுதான் முதலில் தோன்றியது. கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். அவளை அறிந்த நீங்களும் மன்னியுங்கள்.

ஆல்ட்டோவில் நாங்கள் இரண்டே பேர். ராகத்துக்கு அடியில் தணிந்து ஓடும் குரல் அது. தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது. சேர்ந்து பாடிய பதினோரு வருடமும் குளோரி வாயைத் திறந்த பிறகுதான் நான் திறந்தேன். அது தெரிந்தபோது அவள் திட்டவில்லை. "பயமா இருந்தா பயத்தோடவே பாடுடி. தப்பாப் பாடுனா நாலு பேருக்குத்தான் தெரியும். வாய மூடிக்கினு நின்னா சபையே திரும்பிப் பாக்கும்" என்றாள்.

அவளுக்குப் பயம் என்பதே கிடையாது. ஒரு பெரிய வெள்ளி ஆராதனையில் கரண்ட் போய் கீபோர்டு நின்றது. நாங்கள் எல்லோரும் நிறுத்திவிட்டோம். இவள் மட்டும் ராகமே இல்லாத அந்த அடிக்குரலைக் கடைசிவரை பாடி முடித்தாள். ஞானமணி அண்ணன் கேலி செய்தார். "இன்னாண்ணா சிரிக்கிற? கரண்ட் போனது உன் பொட்டிக்கு, எனக்கா?" என்றாள்.

குழுவில் ஒருவர் இறந்தால், அவர் நிற்கும் இடத்தைக் காலியாக விட்டுக் கல்லறையில் வரிசையாக நின்று பாடுவது எங்கள் வழக்கம். குளோரியின் அடக்கத்தில் இரண்டாம் சரணத்தை ஆல்ட்டோதான் தொடங்க வேண்டும். எதிரே அவள் சவப்பெட்டி இருக்கிறது. பாவி நான், அவள் தொடங்குவாள் என்று நின்றேன். ஞானமணி அண்ணன் இரண்டு முறை சுருதி கொடுத்துப் பார்த்துவிட்டு அந்தச் சரணத்தையே விட்டுவிட்டார். துக்கத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று எல்லோரும் தேற்றினார்கள். துக்கம் இல்லை, பயம்.

ஈஸ்டரோடு எங்கள் பாட்டுக்காலம் முடிகிறது. அதன்பின் செஞ்சி மலைக் கல்லெல்லாம் அனல் கக்கும். ஜூன் வரை பயிற்சி கிடையாது. சனிக்கிழமை அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "ஆல்ட்டோவ விட்டுடலாமா செல்வி? எல்லாரும் ஒரே ராகமா பாடிட்டுப் போயிடலாம். நாளையோட லீவுதானே?"

தலையாட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் அவள் பாடிய குரல் இல்லாமலே இந்த வருடம் முடிந்துவிடும். "வேணாண்ணா, நான் பாடுறேன்" என்று சொல்லிவிட்டேன். இரவு சோறு இறங்கவில்லை.

ஞாயிறு காலை கோயில் நிறைந்திருந்தது. நான் தொடங்க வேண்டிய இடம் வந்தது. பயம் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன். பாடிவிட்டேன், கடைசி ஆமென் வரை.

என் குரலை நானே தனியாகக் கேட்டது அன்றுதான். மூக்கால் வருகிறது. சுருதிக்குக் கொஞ்சம் கீழேயே நிற்கிறது. இந்தக் குரலைப் பதினோரு வருடம் காதோரத்தில் வைத்துக்கொண்டுதான் குளோரி பாடியிருக்கிறாள். ஒரு நாள்கூடத் தள்ளி நில் என்று சொன்னதில்லை. அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, அவள் சொல்லாமல் விட்ட அந்த வார்த்தையைத்தான்.