ஏழாம் நிலையத்தின் தட்டல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இதில் ஒரு வரிகூட நான் இட்டுக்கட்டிச் சொன்னதல்ல. கட்டுக்கதையாக இருந்தால் இதை எழுத இவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

நிலநடுக்கக் கண்காணிப்பு மையத்தில் எனக்கு வேலை. "அடுத்தது எப்ப சார் வரும்?" என்று யாராவது கேட்டால், "முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது" என்று பெரிய மேதாவி மாதிரி சிரிப்பேன். மலையில் இருந்த ஏழாம் நிலையத்துக்கு என் மச்சினன்தான் காவல். வேண்டாம் என்றவனை நான்தான் வற்புறுத்திச் சேர்த்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.11. ஏழாம் நிலையத்தின் கோடு திரையில் துள்ளியது. மூன்று தட்டல்... இடைவெளி... மூன்று தட்டல்.

அவனுக்குப் போன் போட்டேன்.

"கருவி பக்கத்துல என்னடா குதிக்கிற?"

"நான் சாப்பிட்டுட்டு இருக்கேன் மாமா. இங்க வேற யாருமில்ல."

"போய்ப் பாரு."

கருவி இருப்பது அவன் அறைத் தரையில், ஒரு குழிக்குள். மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"மாமா... குழிக்குள்ள கருவியைத் தவிர ஒண்ணுமில்ல. ஆனா தட்டுற சத்தம் கேக்குது."

"எலியா இருக்கும். பயந்தாங்கொள்ளி."

2.20க்கு எரிச்சலில் ஏழாம் நிலையத்தைத் திரையிலிருந்து எடுத்துவிட்டேன். 'வீண் சத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சத்தம் கூடினால் அப்படித்தான் செய்வோம். பதிவு மட்டும் தனியாகச் சேர்ந்துகொண்டிருக்கும். மறுநாள் காலையில் திரும்பத் திரையில் சேர்க்க வேண்டும்.

மறந்துவிட்டேன்.

புதன்கிழமை, 2.08. பதினாறு நொடி நிலம் ஆடியது.

அவன் போன் எடுக்கவில்லை. மீட்புக்குழு கேட்டது: "மலைக்குப் போகவா, ஊருக்குள்ள போகவா?"

திரையில் ஏழாம் நிலையம் இல்லை. அதை எடுத்ததே நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

"கருவியே போச்சு. அங்க யாரும் மிஞ்சியிருக்க மாட்டாங்க. ஊருக்குள்ள போங்க," என்றேன்.

மாலையில்தான் இடிந்த அறைக்குள்ளிருந்து அவனை எடுத்தார்கள். குழியை ஒட்டிக் கிடந்தானாம்.

"உடனே போகல. முக்கால் மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும்," என்றார் டாக்டர்.

மையத்துக்கு ஓடினேன். பதிவைத் திறந்தேன்.

புதன், 2.11. மூன்று தட்டல்... இடைவெளி... மூன்று தட்டல்.

2.52 வரை.

செவ்வாய்க்கிழமைப் பதிவையும் அச்செடுத்தேன். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, விளக்குக்கு நேரே பிடித்தேன்.

இரண்டும் ஒரே கோடு.

வீட்டில் மனைவி கேட்டாள்: "கடைசியா என் தம்பி உங்களைக் கூப்பிடவே இல்லையா?"

"இல்ல," என்றேன்.

இரண்டு முறை கூப்பிட்டிருந்தான். முதல் முறை கூப்பிட்டபோது, அவன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.