கதவுக்கு வெளியே நின்று பாடியவள்

செல்வமேரி போய்விட்டாள். இன்று விடியற்காலையில். மூன்று நாள் காய்ச்சல்... அவ்வளவுதான்.

நொச்சிக்குப்பத்திலிருந்து ஆள் வந்து சொன்னபோது பள்ளிக்கூடம் போகப் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். பாதிக் கொசுவத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அழுகை வரவில்லை. அதனால் எழுதுகிறேன். மாதா கோயில் வாசல் போர்டில் நானே கொண்டுபோய் ஒட்டிவிடுவேன்.

'மூணு மரியா பார்ட்டி' என்றால் உங்களுக்குத் தெரியும். செல்வமேரி, ஹார்மோனியம் ஞானமேரி, அப்புறம் நான், ரோஸ்மேரி டீச்சர். தேனாம்பேட்டை, அடையாறு, மயிலாப்பூர்... எங்கே திருவிழா என்றாலும் சுவிசேஷப் பாட்டுக்கு எங்களைத்தான் கூப்பிட்டார்கள்.

பொம்பளைகள் மேடை ஏறுவதா என்று முணுமுணுத்தவர்கள்கூட கடைசிப் பாட்டு வரை எழுந்திருக்க மாட்டார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்தது அவளுக்காக. எனக்காக இல்லை.

அடையாறில் ஒருமுறை நல்ல மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் கலைந்துவிட்டது. ஞானம் ஹார்மோனியத்தைச் சாக்குப் போட்டு மூடினாள். நான் கிளம்பலாம் என்றேன்.

"மழ பாட்டுக்கு மழ பெய்யுது, நம்ம பாட்டுக்கு நாம பாடலாம். இன்னா இப்போ?" என்றாள் செல்வம்.

தனியாகவே எடுத்தாள். போனவர்கள் திரும்பி வந்து நனைந்துகொண்டே நின்றார்கள். காலையில் மீன் கூடை சுமந்து கூவி விற்ற அதே தொண்டை... எங்கிருந்துதான் அப்படி வந்ததோ.

பிறகு கிராமபோன் கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டார்கள். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு மாடி அறை. அப்போது மைக் கிடையாது. சுவரில் பெரிய புனல் ஒன்று. அதற்குள் பாடினால் அந்தப் பக்கம் மெழுகுத் தட்டில் ஊசி கீறிக்கொண்டு போகும்.

செல்வம் வாயைத் திறந்ததும் ஊசி எகிறிவிட்டது. பாட்டுப் பிடிக்க வந்திருந்த வெள்ளைக்காரத் துரை ஏதோ சொன்னார். "அந்தம்மா ரெண்டடி பின்னால போங்க" என்றார் கம்பெனி குமாஸ்தா. திரும்பப் பாடினோம், திரும்ப எகிறியது. இன்னும் இரண்டடி... இன்னும் இரண்டடி... கடைசியில் கதவுக்கு வெளியே, மாடிப்படியில் நிறுத்திவிட்டார்கள்.

"இன்னும் பின்னால போனா எங்க குப்பத்துக்கே போயிடுவேன் ரோசா" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. புனலுக்கு நேரே நின்றது நான்.

பிளேட் வந்தது. என் வீட்டுக் கிராமபோன் பெட்டியில் போட்டுப் பார்த்தோம். நான் இருந்தேன். ஞானம் இருந்தாள். செல்வம் பெட்டியிடம் காதைக் கொடுத்து, "நான் எங்க கீறேன்?" என்று கேட்டாள்.

"இருக்கேடி... உள்ள இருக்கே" என்றேன்.

இதுவரைக்கும் என் தப்பு இல்லை. இனிமேல் எழுதப்போவது என் தப்பு.

சில வருஷம் கழித்து, மைக் வந்த பிறகு, அந்தக் குமாஸ்தா என் வீடு தேடி வந்தார். "இப்போ யாரும் பின்னாடி நிக்க வேணாம்மா. அந்தப் பெரிய குரல் அம்மாவ மட்டும் கட்டாயம் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

அவளுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். அன்று காலையில்தான் என் வாசலில் நின்று சங்கரா மீன் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

ஏன் சொன்னேன்? அந்த முதல் பிளேட்டுக்குப் பிறகு கடைத்தெருவில் என்னைத்தான் அடையாளம் கண்டார்கள். பாட்டு டீச்சர், பாட்டு டீச்சர் என்று... அது எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அவள் என் பக்கத்தில் நின்று பாடினால் என்னை யார் கேட்பார்கள்? வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஞானமும் நானும் போய்ப் பாடிவிட்டு வந்தோம். ரெண்டு குரல் போதும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள் என்று செல்வத்திடம் சொன்னேன்.

"வுடு ரோசா, அடுத்த தபா பாத்துக்கலாம்" என்றாள். கம்பெனி அதன் பிறகு எங்களைக் கூப்பிடவே இல்லை.

இன்று காலை குப்பத்துக்கு ஓடினேன். அவளைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"உங்கூட்டுப் பொட்டிய எடுத்தாம்மா. எம்பொண்ணு பாட்டுதான் அதுல கீதே... ஒரு தபா கேட்டுக்கறேன்."

பெட்டியையும் அந்த முதல் பிளேட்டையும் ரிக்ஷாவில் வைத்துக் கொண்டுபோனேன். சாவி கொடுத்து ஊசியை வைத்தேன். அந்த அம்மாவுக்குக் காது பாதிதான் கேட்கும். பெட்டியைக் கட்டிக்கொண்டு அதன் மேலேயே சாய்ந்துவிட்டார்.

என் குரல் வந்தது.

"தோ... தோ பாடறா பாரு என் ராசாத்தி!"

சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "எம்பொண்ணு தானேம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். எட்டுத் தடவை போடச் சொன்னார். எட்டுத் தடவையும் போட்டேன். ஆண்டவரே... பெட்டியையும் பிளேட்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அடக்கம் இன்று மாலை நான்கு மணிக்கு. அவள் பாடிக் கேட்டவர்கள் ஒருவர் விடாமல் வாருங்கள். அந்தக் குரல் எந்தப் பிளேட்டிலும் இல்லை.

அவள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. உங்கள் காலில் விழுகிறேன், யாரும் இதை அவருக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.

போய் வாடி, செல்வம்.