செலின் தாண்டிய நான்காம் வகுப்பு

அன்பர்களே, முதலில் என் மடத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாரீசில் இருக்கும் என் அண்ணன், தன் மகன் பள்ளியில் ஒரு வகுப்பைத் தாண்டி மேலே போய்விட்டான் என்று தொலைபேசியில் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே மகள் செலினின் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியை மதர் முன்னால் உட்கார்ந்தேன்.

"எங்க பொண்ணுக்கும் டபுள் புரமோஷன் குடுங்க மதர்."

விடாமல் போனேன். 2004 ஜூனில், மூன்றாவது முடித்த செலின் நேரே ஐந்தாவதில் உட்கார்ந்தாள். கருவடிக்குப்பத்தில் எங்கள் தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தேன்.

ஒரே மாதத்தில் பிள்ளைக்குப் பேச்சு நின்றுபோனது. ஐந்தாவது பெண்கள் "பாப்பா" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள், விளையாட்டில் சேர்க்கவில்லை. பழைய தோழி ரோஸியிடம் போனால், "அக்கா, நீங்க ஃபிப்த் இல்ல? அங்க போய் வெளயாடுங்க" என்றாளாம். செலின் தண்ணீர்க் குழாய் அருகே தனியாகச் சாப்பிட்டாள். பிறகு டிபன் பாக்ஸைத் திறக்காமலே கொண்டுவந்தாள். ஒரு நாள் கேட்டாள்: "அப்பா, நான் அக்காவா, பாப்பாவா?"

அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கும் ஆள் நான். அன்றிரவு அத்தனையையும் புரட்டினேன்.

"மதர்கிட்ட சொல்லி எறக்கிடுங்க" என்றாள் மனைவி. ஜாங்கிரி கொடுத்த தெருவில் பிறகு எப்படி நடப்பது? புனித அந்தோணியாருக்கு ஒன்பது செவ்வாய்க்கிழமை நவநாள் செபம் நேர்ந்துகொண்டேன். அவளுக்கு ஐந்தாவதிலேயே ஒரு தோழி வேண்டும் என்று வகுப்பையும் குறிப்பிட்டு மன்றாடினேன்.

ஆறு செவ்வாய் முடிந்தது. அந்த ஞாயிறு, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு நடத்தும் சிஸ்டர், செலினை எந்த வகுப்போடு உட்காரவைப்பது என்று கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பங்குக் கோயிலில் புதுநன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கு, பிள்ளைகளை நான்காவதில்தான் தயாரிப்பார்கள். ஐந்தாவது பெண்கள் எல்லோரும் போன வருடமே வாங்கிவிட்டார்கள். நான் தாண்டவைத்த வகுப்பில் நற்கருணை ஆண்டவரும் இருந்தார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

பங்குச் சாமியாரிடம் ஓடினேன்.

"பொண்ணு கெட்டிக்காரி சாமி. செபமெல்லாம் ஒரே வாரத்துல ஒப்பிச்சிடுவா. நேரா குடுத்துடுங்களேன்."

"இங்கயும் டபுள் புரமோஷனா? போய் நாலாவதோட உக்காரச் சொல்லுய்யா."

அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் செலின் ரோஸி பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

"அக்கா, நீங்க இங்க ஏன்..."

"அக்கான்னா கிள்ளிடுவேன். தள்ளி உக்காருடி."

இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. பிறகு பொத்தாமலே சிரித்தன.

"செலின்! ஓயாம என்ன பேச்சு? எழுந்து நில்லு!" என்று சிஸ்டர் கத்தினார்.

என் பிள்ளை பேசியதற்காகத் திட்டு வாங்குகிறாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

மறுநாளே மதரிடம் போய், நான்காவதில் போடச் சொல்லிக் கெஞ்சினேன். போட்டார்கள். தெருவில் கேட்டவர்களிடம், "ஆமா, எறக்கிட்டாங்க. நாந்தான் கேட்டேன்" என்றேன். என் கௌரவம் ஒன்றும் தேய்ந்துபோகவில்லை. மிச்ச இரண்டு செவ்வாயையும் நன்றியாகவே முடித்தேன். டிபன் பாக்ஸ் காலியாக வருகிறது. செலின் வாய் மூடுவதில்லை. அண்ணனுடைய அழைப்புகளும் இப்போது செரிக்கின்றன.

அன்பர்களே, பிள்ளைகளுக்காகத் தயங்காமல் மன்றாடுங்கள். அந்தோணியார் கேட்பார். எந்த வகுப்பில் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

புதுநன்மை விருந்துக்கு அழைக்கப் போனபோது, இந்த நவநாள் கதையை மதரிடம் உருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நானும்தான் நவநாள் பண்ணேன் சார், நீங்க இந்த ரூமுக்கு வரக்கூடாதுன்னு. உங்களுது கேக்கப்பட்டுச்சு. என்னுது இன்னும் பாக்கி."