தேவராஜ் எழுதி வைத்த கடைசித் தட்டு

செவ்வாய்க்கிழமை காலை கடையில் ஃப்யூஸ் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது தேவராஜின் மனைவி ரெஜினா போன் செய்தார். "அண்ணே, உங்க ஃபிரண்டு போயிட்டாருங்க" என்றார். நான் வாய் திறப்பதற்குள், "நேத்துகூட உங்க குடோனைப் பத்திதான் கேட்டாரு" என்றார். கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷமாகத் தேவராஜ் கேட்டுக்கொண்டிருந்த பொருள் அந்தக் குடோனில் இல்லை.

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாங்கள் இருவரும் நடத்திய வீடியோ கேம் கடையில் ஆடிய நீங்கள் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவனைப் புகழ்ந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை.

அப்போது நான் செராமிக் தொழிற்பேட்டையில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். அவன் ரேடியோ மெக்கானிக். சென்னையில் யாரோ கழித்துப்போட்ட ஒரு மிஷினைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் அதையே பேசினான். மரப்பெட்டி, உள்ளே ஒரு கறுப்பு வெள்ளை டிவி, ஒரு சர்க்யூட் போர்டு. வரிசை வரிசையாக இறங்கிவரும் வேற்றுக்கிரகப் பூச்சிகளைக் கீழிருந்து சுட வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். லாரியில் போட்டுக் கொண்டுவந்தோம். பாதி வீட்டில் டிவியே இல்லாத ஊரில், டிவியில் தெரிவதை நம் கையால் நகர்த்தலாம் என்றால் சும்மாவா? ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸை விட்டுவிட்டு ஆடியவர்கள் உண்டு.

ஒருநாள் நல்லூர்க்காரர் ஒருவர் சண்டைக்கு வந்தார். "கடைசிப் பூச்சி மட்டும் பேய் மாதிரி ஓடுது. மிஷின்ல ஏதோ வேலை பண்ணி வெச்சிருக்கீங்க!"

தேவராஜ் மிஷினின் பின்கதவைத் திறந்து போர்டைக் காட்டினான். "நாங்க ஒண்ணும் பண்ணலீங்கண்ணே. அத்தனை பூச்சியையும் நவுத்தணும்னா இதுக்கு மூச்சு வாங்குது. நீங்க சுட்டுக் கொறைக்கக் கொறைக்க பாரம் எறங்கிடுது, ஓடுது. செஞ்சவன் அப்படி நெனைச்சு செய்யல. ஆனா நல்லா இருக்குதேன்னு வுட்டுட்டான்."

"அப்ப நான் நல்லா ஆடினதுக்குத்தான் இந்தத் தண்டனையா?" என்றார் அவர். கடையே சிரித்தது.

அந்த மிஷினுக்கு ஞாபகசக்தி கிடையாது. கரண்ட் போனால் அன்றைய முதல் மதிப்பெண் அழிந்துவிடும். நம் ஊரில் கரண்ட் போகாத நாள் ஏது? காலையெல்லாம் ஆடி முதலிடம் பிடித்த கருவேப்பிலங்குறிச்சி டெய்லர் ராமு, திரை அணைந்ததும் கண் கலங்கிவிட்டார். தேவராஜ் அந்த எண்ணை மனசில் வைத்திருந்தான். ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் நீல வண்ணத்தால் ராமுவின் பெயர், ஊர், எண் மூன்றையும் எழுதி, தொழிற்பேட்டைச் சூளையில் பொம்மைகளோடு வைத்துச் சுட்டு வாங்கிவந்தான். "மிஷினு மறந்துடும். சூளையில வெந்தது மறக்காது" என்றான். பிறகு சுவர் முழுக்கத் தட்டுகள். என் பெயர் ஒன்றிலும் இல்லை. "நீ விக்கறதுக்குப் பொறந்தவன்டா மாணிக்கம், ஆடறதுக்கு இல்ல" என்பான்.

வீட்டு டிவியில் செருகி ஆடும் கேம் கேசட் வந்தது, பிறகு கம்ப்யூட்டர் சென்டர் வந்தது. கடையை மூடினோம். தட்டுகள் அவன் வீட்டுக்குப் போயின. மிஷின் என் குடோனுக்கு வந்தது. ஃப்யூஸ் வியாபாரத்தில் நான் வளர்ந்தேன், சரக்கு வைக்க இடம் போதவில்லை. போர்டையும் டிவியையும் பழைய சாமான்காரரிடம் போட்டேன். பெட்டி நல்ல பலகை. அறுத்துக் கடைக்கு அலமாரி அடித்தேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகுதான் அவனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. படுக்கையிலிருந்து கேட்டான். "அதை வூட்டுக்குக் கொண்டாந்துடுடா. இந்த எடது கையாலயே போர்டைச் சரி பண்ணிடுவேன். நீயும் நானும் ஒரு ஆட்டம் போடலாம்."

"மூட்டைங்களுக்குப் பின்னாடி கெடக்குது. சரக்கு நவுந்ததும் எடுத்துடுறேன்" என்றேன்.

அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் நாலு கெட்ட வார்த்தையோடு போயிருக்கும். போகும்போதெல்லாம் அதே கேள்வி, அதே பதில். கடைசியில் போவதையே குறைத்துக்கொண்டேன். ஊரில் யாரிடமும் பேரம் பேசத் தயங்காத நான், படுத்துக்கிடந்த ஒருவனுக்குப் பயந்து தெருவைச் சுற்றிப் போனேன்.

அடக்கத்துக்கு முன் ரெஜினா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இப்பவாச்சும் அந்த மிஷினைக் கொண்டாந்து அவரு பக்கத்துல வையுங்கண்ணே. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு தட்டை எடுத்துவந்தார். "உங்களோட ஆடப்போறேன்னு எழுதி வெச்சிருந்தாரு. இதையும் நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க."

இடது கையால் கோணல்மாணலாக எழுதியிருந்தான். மேலே தேவராஜ், கீழே மாணிக்கம். இரண்டு பெயருக்கும் எதிரே எண் எழுத இடம் விட்டிருந்தான். சூளைக்குப் போகாத தட்டு. வாங்கும்போது என் கட்டைவிரல் பட்டு அவன் பெயரின் முதல் எழுத்து அழிந்துவிட்டது.

அவனிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தத் தட்டு ஒன்றுதான். மிஷின் பலகையில் அடித்த அலமாரியில் வைத்திருக்கிறேன். சூளை பக்கத்தில்தான், கொடுத்தால் மிச்ச எழுத்தாவது நிற்கும். ஆனால் எண் இல்லாத தட்டை அவன் ஒருநாளும் சூளைக்குக் கொடுத்ததில்லை.