நைனா பாடாமல் விட்ட அடிகள்

கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். கவரைப்பேட்டை ரயில் நிலையத்தில் அந்த நேரத்துக்கு ஒரு வண்டி வந்து நிற்கும். அது கிளம்பும் ஊதல் கேட்டதும் என் அப்பா, எங்கள் நைனா, படுக்கையில் இருந்தபடியே, "போய்க்கினு கீறான் பாரு" என்பார். யார் போகிறார், யாரைச் சொல்கிறார் என்று நாங்கள் கேட்டதில்லை. தினமும் சொல்வார். அன்று ஊதல் கேட்டது. நைனாவின் குரல் கேட்கவில்லை. அடுப்பை விட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. வாய் திறந்தது, சொல் வரவில்லை.

அதிலிருந்து பதினோராம் நாள் பிற்பகல் நைனா எங்களை விட்டுப் பிரிந்தார். ஓராண்டு ஆகிறது. இன்னும் ரயில் ஊதினால் என் கை வேலையை நிறுத்திவிடுகிறது.

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கு நைனாவின் வாழ்க்கை தெரியும். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. தாயைச் சிறு வயதிலேயே இழந்தவர். புயல் அடித்த ஒரு வருடம் வீட்டையும் படகையும் ஒரே நாளில் இழந்தார். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. நான் ஒரே மகள். என்னைத் திருவள்ளூரில் ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பினார். எங்கள் குப்பத்திலிருந்து அதற்குப் போன முதல் பெண் நான். அதன் பின் சொந்த வலை இல்லாமல் மற்றவர் படகில் கூலிக்குப் போனார். எனக்குத் திருமணமாகிச் சில ஆண்டுகளில் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. தெரியாத ஒன்றைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அது ஒரு பாட்டு.

நைனாவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சினிமாப் பாட்டு. பொன்னேரிப் பக்கம் டூரிங் கொட்டகை போட்டிருந்தபோது, ஒரே ஒரு தடவை அந்தப் படத்தைப் பார்த்தாராம். கதாநாயகன் ஆற்றங்கரையில் தனியாக நின்று பாடும் பாட்டு. காற்றைப் பார்த்து, உன் வீடு எங்கே என்று ஒரு கேள்வி. தண்ணீரைப் பார்த்து, ஏன் கலங்கினாய் என்று ஒரு கேள்வி. நிலவைப் பார்த்து, யாரைத் தேடுகிறாய் என்று ஒரு கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் அடுத்த அடியில் பதில் வரும். நைனா கேள்விகளை மட்டும் பாடுவார். பதில் வர வேண்டிய இடத்தில் பேசாமல் இருப்பார். பிறகு அடுத்த கேள்வி. குளிக்கும்போதும் பாடுவார், கயிறு திரிக்கும்போதும் பாடுவார். வானொலியில் முழுப் பாட்டையும் நான் கேட்டிருக்கிறேன். பாவம், நைனாவுக்குப் பாதி மறந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். அதற்கு மேல் யோசித்ததில்லை.

பொன்னேரி மருத்துவமனையில் மூன்று நாள் வைத்திருந்தோம். பேச்சு திரும்பவில்லை. "தண்ணி" என்ற ஒரு சொல்லைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. நான்காம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மறுநாள் காலை, அதே ஐந்து நாற்பதுக்கு, ரயில் ஊதியது. நைனா பாடினார். குரல் தழுதழுத்தது, ஆனால் சொற்கள் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தன. காற்றே, உன் வீடு எங்கே. பாடிவிட்டு நிறுத்தி, வாசலைப் பார்த்தார்.

நான் பயந்துபோனேன். புத்தி கலங்கிவிட்டதோ என்று தோன்றியது. மருத்துவரிடம் ஓடிப்போய்க் கேட்டோம். பேச்சை இழந்தவர்களில் சிலருக்குப் பாட்டு மட்டும் நிலைத்திருப்பதுண்டு, பாட விடுங்கள் என்றார். விட்டோம். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது பாடினார். ஒவ்வொரு தடவையும் முதல் கேள்விக்குப் பிறகு வாசலைப் பார்த்தார்.

என் மகள் அப்போது பள்ளி இறுதி வகுப்பு. அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டிலருகிலேயே உட்கார்ந்திருந்தாள். "போய்ப் படி, நோயாளி பக்கத்தில் என்ன வேலை" என்று விரட்டுவேன். உண்மையில், அவள் கண் முன்னால் ஏதாவது நடந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம்.

அவள் போகவில்லை. "அம்மா, தாத்தா மறக்கல. மறந்திருந்தா அடுத்த அடிக்குத் தாவிடுவாரு இல்ல? இவரு நிக்கிறாரு. தொடையில விரலால தாளம் போட்டுக்கினே நிக்கிறாரு" என்றாள்.

பார்த்தேன். இடது கைவிரல் தட்டிக்கொண்டுதான் இருந்தது.

"அசல் பாட்டைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும்" என்றாள். அவள் அப்பா மைக் செட் கடைக்குப் போய் ரெக்கார்டு பிளேயரையும் அந்த இசைத்தட்டையும் கேட்டு வாங்கி வந்தார். கல்யாண முகூர்த்தம் உள்ள நாளாக இருந்தும் அந்தக் கடைக்காரர் தட்டாமல் கொடுத்தார்.

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். மகள் நோட்டில் குறித்துக்கொண்டாள். இசைத்தட்டில் பாட்டு வேகமாகப் போகிறது. நைனா பாடுவது ஏறக்குறைய பாதி வேகம். இசைத்தட்டில் மூன்றாவது கேள்வி உச்சத்துக்கு ஏறுகிறது. நைனா அதே இடத்தில் குரலைத் தாழ்த்துகிறார். இசைத்தட்டில் கேட்பதும் பதில் சொல்வதும் ஒரே மனிதர். எனக்கு வீடே இல்லை என்று காற்று சொல்வதாக அவரே பாடிக்கொள்கிறார். யாரோ அழுததால் கலங்கினேன் என்று தண்ணீருக்காகவும் அவரே. என்னையே தேடுகிறேன் என்று நிலவுக்காகவும் அவரே. எத்தனையோ தடவை கேட்ட பாட்டு அது. அந்த மனிதர் தன்னோடு தானே பேசிக்கொண்டிருக்கிறார் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

நைனா என்ன செய்தார் என்பதுதான் வியப்பு. கேள்வி வந்தபோது தலையை ஆட்டினார். பதில் வந்ததும் இடது கையை வீசி, வேண்டாம் என்றார். மறுபடி வைத்தோம். மறுபடி வீசினார்.

என் வீட்டுக்காரர், "ஒரிஜினல் பாடகருக்கே உங்க நைனா மார்க் போட மாட்டேன்றாரு" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு வீட்டில் சிரித்தோம். மகள் தானே அந்தப் பதிலைப் பாடிக் காட்டினாள். அவளையும் கையை வீசி நிறுத்தினார். பிறகு முதலிலிருந்து கேள்வி, வாசல்.

அன்று மாலை அவள் இன்னொன்று கண்டுபிடித்தாள். நைனா விடும் இடைவெளி எப்போதும் ஒரே அளவு இல்லை. ஒரு தடவை நான்கு தட்டு, ஒரு தடவை பத்து. "பதில் ஒரே மாதிரி இருந்தா இடைவெளியும் ஒரே மாதிரிதானே இருக்கணும்?" என்று கேட்டாள்.

அப்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா வாயைத் திறந்தார். "அது உங்க நைனா அடி இல்லம்மா. தேசப்பன் அடி."

தேசப்பன் மாமா நைனாவின் வலைக் கூட்டாளி. என் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். நான் வெளியூர் விடுதியில் தங்கிப் படித்ததால் முகம்கூடச் சரியாக நினைவில்லை. அவர்கள் இருவருக்கும் ஆளுக்குப் பாதி வலை. ஏரிக்குள் போய் இரண்டு பாதியையும் நடுவில் சேர்த்துக் கட்டுவார்கள். இவர் படகு ஒரு பக்கம், அவர் படகு ஒரு பக்கம் வளைத்துக்கொண்டு போகும். ஆளுக்கொரு பக்கக் கயிற்றை இழுத்து வலையைக் கரை சேர்த்ததும் முடிச்சை அவிழ்த்து அவரவர் பாதியை அவரவர் வீட்டில் காயப்போடுவார்கள். படகுகள் விலகிப் போகும்போது கத்திப் பேசினால் மீன் கலைந்துவிடும், பாடினால் கலையாது என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் பாட்டு. கேள்வி நைனாவுடையது, பதில் தேசப்பன் மாமாவுடையது. வலையைப் போலவே பாட்டையும் பங்கு போட்டிருக்கிறார்கள். அவர் பங்கை நைனா தொடவே இல்லை.

"அப்புறம் ஏன் பிரிஞ்சாங்க?" என்று கேட்டேன். அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னார். "நீ பயிற்சிக்குப் போனியே, அதுக்குத்தான் உங்க நைனா அவரு பாதிய வித்துட்டாரு. பாதி வலய வச்சிக்கினு அவன் இன்னா பண்ணுவான்? ஒரு வார்த்த கேக்கல. ஊர வுட்டே போய்ட்டான். எளாவூராண்ட லாரிங்களுக்குத் தார்ப்பாய் கட்றான்னு எப்பவோ கேள்விப்பட்டேன். உங்க நைனாவுக்கு அவன் மூஞ்சியப் பாக்க வெக்கம். உங்கிட்ட சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கினாரு."

வலை இற்றுப்போனதால் விற்றேன் என்றுதான் நைனா என்னிடம் சொல்லியிருந்தார். பதினெட்டு ஆண்டுகள் அதை நம்பிச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். எளாவூர் வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். சோதனைச் சாவடியில் லாரி மேல் நின்று கயிறு இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் அவராக இருந்திருக்கலாம்.

மறுநாளே என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் முதல் ஷிப்டை முடித்துவிட்டு நேரே எளாவூர் போனார். "தார்ப்பாய் தேசப்பனா? நெல்லூர் லோடோட போய்க்கினு கீறாரு. வந்தா சொல்றோம்" என்றார்களாம். அடுத்த நாள் போனார், அதே பதில். மூன்றாம் தடவை போனபோது, "சொல்ட்டோம் சார். கேட்டுக்கினாரு. ஒண்ணும் சொல்லல" என்றார்கள்.

ஒன்றும் சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம்? அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வரமாட்டாரோ என்று பயம். வந்து, பழைய கணக்கையெல்லாம் எல்லோர் முன்னிலையிலும் பேசிவிடுவாரோ என்று அதைவிடப் பெரிய பயம். நைனாவுக்குக் குரல் குறைந்துகொண்டே வந்தது. முப்பது தடவை பாடியவர் ஐந்து தடவை பாடினார். பிறகு இரண்டு.

அதற்கு மேல் எழுத எனக்குக் கை ஓடுமா என்று தெரியவில்லை. அதனால் நன்றியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாட விடுங்கள் என்று சொன்ன மருத்துவருக்கும், நான் பள்ளிக்கு விடுப்பு எடுத்த நாட்களில் என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட ஆசிரியைகளுக்கும், இசைத்தட்டைத் திருப்பிக் கேட்காமல், "அது அய்யா ஊட்டுலயே இருக்கட்டும்" என்று சொன்ன மைக் செட் கடைக்காரருக்கும், ஷிப்ட் மாற்றிக் கொடுத்த தொழிலாளத் தோழர்களுக்கும், செய்தி சொல்லி அனுப்பிய லாரிக்காரர்களுக்கும், ஏரிக்கரையிலிருந்து வந்து தோள் கொடுத்த குப்பத்து உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் வாக்கைக் காப்பாற்றிய அம்மாவுக்கும், தேர்வு நேரத்தில் என் பேச்சைக் கேட்காமல் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகளுக்கும்.

பத்தாம் நாள் காலை பத்து மணிக்குமேல் வாசலில் ஒரு லாரி நின்றது. மேலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். இடுப்பில் ஒரு சுருள் கயிறு. செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார். அம்மா எழுந்து நின்றார். நான் முன்னால் போய், "மாமா, அந்த வலை... என்னாலதான்" என்று ஆரம்பித்தேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதானா அந்த டீச்சரம்மா? பாதி வலையிலயே இவ்ளோ படிச்சிட்டியா? என் பாதிய சும்மா வுட்டேன்னு நெனச்சியா. லாரி லோடு மேல போட்டுக் கட்டினேன். கிழியறதுக்குள்ள அது கல்கத்தா வரைக்கும் பாத்துடுச்சு. உங்க நைனா வலதான் ஊர வுட்டுத் தாண்டல."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அது அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

மாமா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நைனாவின் இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். நைனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் நோட்டை எடுத்துக்கொண்டு மாமாவிடம் வந்துவிட்டாள். "தாத்தா, உங்க அடி என்ன? ரெக்கார்டுல இருக்கறதுதானா?"

"ரெக்கார்டுல இன்னா கீதுன்னு யாரு கண்டா? அன்னிக்குக் கொட்டாயில நான் தூங்கிட்டேன். இவன்தான் கேள்விய மட்டும் மனப்பாடம் பண்ணிக்கினு வந்தான். இவன் கேப்பான். என் பக்கத்துல காத்து எப்பிடி, தண்ணி எப்பிடின்னு நான் சொல்வேன். தெனம் ஒண்ணு சொல்வேன். அதுல அடி எங்க கீது?"

மகள் நோட்டை மூடினாள்.

நைனா பாடினார். குரல் காற்றாகத்தான் வந்தது. காற்றே, உன் வீடு எங்கே. நிறுத்தினார். வாசலைப் பார்க்கவில்லை.

தேசப்பன் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, அதே ராகத்தில், அதே பாதி வேகத்தில் சொன்னார்: "தெக்கத்திக் காத்துடா, மெதுவா வருது."

தண்ணீரே, ஏன் கலங்கினாய்.

"கலங்கல் போய்ட்ச்சுடா, தெளிஞ்சிக்கினு கீது."

மூன்றாவது கேள்விக்கு நைனா குரலைத் தாழ்த்தினார். நிலவே, யாரைத் தேடுகிறாய். மாமா உடனே பதில் சொல்லவில்லை. நைனாவின் விரல் அவர் உள்ளங்கையில் தட்டிக்கொண்டே இருந்தது. நான் எண்ணினேன், பத்துத் தட்டு.

"வந்துட்டேன்டா. உன் பக்கம் கயிற வுட்டுடு, நான் இழுத்துக்கிறேன்."