முகத்தில் கை வைக்கும் வேலை

மனிதத் தோலுக்குத் தோல் நிறம் என்று ஒன்று கிடையாது. கணினியில் முகம் வரையும் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்குக் கீழே நீலம், மூக்கு நுனியில் சிவப்பு, மோவாயில் சாம்பல். யாரிடமும் போய்ப் படிக்காமல், நெய்வேலி பஜாரில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, தப்புத் தப்பாக வரைந்தே இதைக் கற்றேன்.

ஒரே சீரான துளைகள்

ஆரம்பத்தில் தோலை வழவழவென்று விட்டுவிடுவேன். பொம்மை மாதிரி இருக்கிறது என்றார்கள். பிறகு, மயிர்க்கால் துளைகள் போட ஒரு பிரஷ் கிடைத்தது. நெற்றி, கன்னம், இமை என்று பாகுபாடு இல்லாமல் ஒரே சீராக அடித்துத் தள்ளினேன். படங்களை பிரிண்ட் போட்டுத் தரும் பாஸ்கர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அண்ணே, மூஞ்சி கேட்டா ரவா தோசை ஊத்தி வச்சிருக்கீங்களே?"

கேட் பாஸ்

பல வருடம் கழித்து, முத்தாண்டிக்குப்பத்திலிருந்து செல்வி என்ற அம்மா தன் தம்பியோடு வந்தார். கணவர் ஏழுமலை திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர்; காய்ச்சலில் இறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்தில் படம் திறக்க வேண்டும். கல்யாண ஆல்பம் புயல் மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. போனில் இருந்தவை பழைய போனோடு போய்விட்டன. மிஞ்சியது சுரங்க வாசலில் காட்டும் கேட் பாஸில் இருந்த கட்டைவிரல் அளவுப் படம். அதிலும் வலது கன்னத்தில் காதுக்கடி வரை ஆபீஸ் சீல்.

"மாமாவ கொஞ்சம் கலரா போடுங்க சார், பதினாறுக்குச் சம்பந்தி வூட்டுக்காரங்கல்லாம் வராங்க" என்றார் தம்பி. அந்த அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கண்ண மூடுனா அவரு சட்டை தெரியுது, நடை தெரியுது. மூஞ்சி மட்டும் வரமாட்டேங்குது சார்."

யாரோ ஒருவர்

அந்தப் பயம் எனக்குப் புதிதல்ல. என் மனைவி இறந்த மறுமாதம், அவள் காதோர மச்சம் எந்தப் பக்கம் என்று எனக்கே சந்தேகம் வந்து செல்போனில் தேடினேன். சில செல்ஃபிகள் இடம் வலம் மாறி விழுந்திருந்ததால் மச்சம் இரண்டு பக்கமும் இருந்தது.

ஆகவே ஏழுமலைக்கு என் கைத்திறனையெல்லாம் கொட்டினேன். ஆபீஸ் சீலை அழித்து, அந்த இடத்தை இடது கன்னத்தைப் பிரதி எடுத்து நிரப்பினேன். நெற்றியின் மேல்பாதி வெளுத்துக் கிடந்தது. ஃப்ளாஷ் வெளிச்சம் என்று எண்ணி, கன்னத்து நிறத்தை ஏற்றிச் சமன் செய்தேன். துளை, சுருக்கம், உதட்டு வெடிப்பு எல்லாம் அளவாக வந்தன. செல்வியம்மா வந்து திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்காரு. யாருங்க இவரு?"

ஹெல்மெட்டுக்கு மேலே

எது தப்பு என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. காரியத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மூக்கா, கண்ணா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இல்லை, இல்லை. கடைசியில் கேட் பாஸ் படத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்தேன். அவர் கை தானாகத் தன் நெற்றிக்குப் போய், புருவத்துக்கு மேலே ஒரு கோடு இழுத்தது.

எனக்குச் சுருக்கென்றது. வெயிலில் ஹெல்மெட்டோடு நிற்கிறவர்களுக்கு நெற்றி ஒரு நிறம், முகம் ஒரு நிறம். முப்பது வருடமாக அந்த நெற்றிகளுக்கு நடுவில் நின்று டீ குடித்தவன், அதை ஃப்ளாஷ் என்று அழித்திருக்கிறேன். வெளுப்பைத் திரும்பக் கொண்டுவந்ததும் அந்த அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஹெல்மெட்ட கழட்டுனா அவரு ரெண்டு ஆளு சார். நீங்க ஒரு ஆளத்தான் போட்டிருந்தீங்க."

சீலுக்கு அடியில்

பிறகு அவர் விரல் திரையில் ஊர்ந்து, வலது காதுக்குக் கீழே, நான் பிரதி எடுத்து ஒட்டிய இடத்தில் நின்றது. இங்கே முடி இருக்கும் என்றார். தாடியா என்று கேட்டேன். இல்லை, சவரம் பண்ணும்போது விட்டுப்போகிற இடம், ஒரு ரூபாய்க் காசு அகலம். முதல் ஷிப்ட்டுக்கு அவசரமாகக் கிளம்புகிறவர். அந்த இடம் எந்தப் படத்திலும் இல்லை. அந்த அம்மாவிடம் மட்டும்தான் இருந்தது.

நரையும் கறுப்புமாகக் குச்சி குச்சியாகப் போட்டேன். "இன்னும் கொஞ்சம் நரை", "காதுகிட்ட வேணாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க எழுந்தேன். முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது, பேசியது என்னிடம் அல்ல. "தெனம் சொல்லிக்கினே இருக்கேன், அந்த எடத்த வுட்டுட்டே வந்து நிக்கிறியே, யோவ்!"

நான் வரைந்த முகங்களில், பெண்டாட்டியிடம் திட்டு வாங்கும் அளவுக்குத் தேறியது அது ஒன்றுதான்.